கல் வளரும் கதவு

நிலையம்: பவளம்-2, மன்னார் வளைகுடா
ஆழம்: 28 மீட்டர்
எழுதுபவர்: டாக்டர் பெர்னதெத் மோத்தா, கடல் நுண்ணுயிரியல்

நாள் 1, காலை 09:10

காற்று சரி. மின்சாரம் சரி. தொட்டிகள் ஆறும் சரி. காபித்தூள் மட்டும் கம்பெனி வாங்கியது, அது சரியில்லை.

பதிவேட்டு அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்: "கணினி நின்றாலும் காகிதம் நிற்கும். தினமும் பேனாவால் எழுதவும். சுருக்கமாக எழுதவும். சொந்த விஷயங்களைத் தவிர்க்கவும்." இருபத்தோரு நாள் ஒருத்தியை இரும்பு டப்பாவில் போட்டு மூடிவிட்டு இதையும் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சரி, பார்ப்போம்.

எனக்குப் பின்னால் வருபவருக்காக: ஆய்வகம் நான்கு கால்களில் நிற்கிறது. வெளியே போகும் கதவு தரையில் இருக்கிறது. உள்காற்றின் அழுத்தமும் வெளித்தண்ணீரின் அழுத்தமும் ஒன்று. கதவைத் திறந்தாலும் தண்ணீர் ஏறாது, கிணறு மாதிரி விளிம்பில் நிற்கும். பக்கத்திலேயே மாதிரித் தண்ணீர் எடுக்க ஒரு துளை, ஒரு கை நுழையும் அகலம், திருகு மூடி. ஒரு சன்னல். மேலே படகிலிருந்து ஒரு காற்றுக்குழாய், ஒரு தொலைபேசிக் கம்பி. அவ்வளவுதான் வீடு.

இங்கே ஒரு நாள் தங்கிவிட்டால் நேராக மேலே நீந்திப் போக முடியாது. ரத்தத்தில் நுரை கட்டி ஆள் காலி. மீட்புக் கூண்டில் ஏறி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் போகவேண்டும். கூண்டு படகில் இருக்கிறது. படகு, படகுப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. படகுப் பொறுப்பாளர் என் வீட்டுக்காரர் லிகோரி. சொந்த விஷயம்தான், ஆனால் தவிர்க்க முடியவில்லை.

நாள் 3, பகல் 11:40

கே-7 நுண்ணுயிரைச் செத்த பவளத்திட்டில் விட்டாயிற்று. வெளியே ஐம்பது நிமிடம் வேலை.

கே-7 பற்றி: இந்தக் கடலில் உள்ளங்கை அகலக் கடற்பஞ்சு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர். ஒன்று மருந்து செய்கிறது, ஒன்று நிறம் செய்கிறது, ஒன்று மற்றதையெல்லாம் கொல்கிறது. ஒன்றே ஒன்று கல் செய்கிறது. கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்பை இழுத்துக் கல்லாக்கும். மட்டிச்சிப்பி பாறையில் ஒட்டிக்கொள்ள ஒரு பசை வைத்திருக்கிறதே, அந்தப் பசைக்கான மரபணுவை இதற்குள் வைத்தேன். இப்போது அது வளர்க்கும் கல்லில் சுத்தியல் பட்டால் சுத்தியல்தான் தெறிக்கும். ஒன்பது வருட வேலை. நான் அதைக் கொத்தனார் என்றுதான் கூப்பிடுவேன்.

கொத்தனாருக்கு ஒரே ஒரு கொழுப்புதான் தீனி, ஸ்குவாலீன். அது இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அதனால் எங்கே தீனிப்பசை தடவுகிறோமோ அங்கே மட்டும் கல் வளரும். தேங்காயெண்ணெய், நெய், வெண்ணெய், மீன்குழம்பில் மிதக்கும் எண்ணெய் உட்பட முப்பத்திரண்டு கொழுப்பு கொடுத்துப் பார்த்தேன். எதையும் தொடவில்லை. பாதுகாப்புக் கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

நாள் 5, மாலை 16:20

ஒரு தப்பு. தொட்டி 4க்குத் தீனி வைக்க மறந்திருக்கிறேன். கடைசித் தீனியிலிருந்து அறுபது மணி நேரம். நேற்று வரை இரும்பாக இருந்த கல் இன்று விரல் பட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது. பட்டினி வந்தால் கொத்தனார் தான் கட்டிய பசையையே தின்றுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். சாவதில்லை. ஒரு சொட்டுத் தீனி விட்டேன், ஒரு மணி நேரத்தில் எழுந்து மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

சென்னையில் திட்டத்தலைவர் சடகோபனுக்கு இது பிடிக்காது. நிரந்தரமான பவளத்திட்டு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மேலே போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

நாள் 8, காலை 08:30

மூன்று நாளாக உள்வேலை. இன்று வெளியே போகக் கதவைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. நெம்புகோல் போட்டேன், திருகைச் சுற்றினேன், அசையவில்லை. சன்னல் வழியாகக் குனிந்து பார்த்ததில் கதவு விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வரம்பு தெரிகிறது.

கல்தான். ஆனால் அங்கே நான் தீனி தடவவில்லையே. தீனிப்பசை டப்பா பூட்டி இருக்கிறது, எடை பார்த்தேன், ஒரு கிராம் குறையவில்லை.

நாள் 9, பகல் 13:05

லிகோரியும் ரீகனும் இறங்கி உளியால் கொத்தினார்கள். ரீகன் எங்கள் இன்னொரு முக்குளிப்பாளர். இரண்டு மணி நேரத்தில் வரம்பு பாதி உடைந்தது. நாளைக்கு முடிந்துவிடும் என்று கைகாட்டிவிட்டுப் போனார்கள்.

நாள் 10, காலை 07:15

உடைத்த இடம் மூடிவிட்டது. முன்பைவிடத் தடிமன். சன்னலின் நான்கு ஓரத்திலும் வெள்ளை பிடித்திருக்கிறது, கண்ணில் புரை விழுந்த மாதிரி.

சடகோபன் தொலைபேசியில்: "பதற்றப்படாதீங்க மேடம். கொச்சியிலேருந்து கட்டிங் டீம் வராங்க. பத்து நாள் ஆகும்." பத்து நாளாம்! அவர் வீட்டுக் கழிவறைக் கதவு பத்து நாள் மாட்டிக்கொள்ளட்டும், அப்போது பேசுவோம்.

நாள் 11, பகல் 12:30

லிகோரி பேசினார். வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைக்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"ஏ பெர்னா, சாப்பிட்டியா? பயப்படாத என்ன. இன்னிக்கும் பாதி கொத்திட்டோம். நான் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. டப்பாவ இறக்குறதுக்கு முன்னாலயே தண்ணி புகாம அடைக்கக் கம்பெனி குடுத்த அந்தப் பசைய நான் போடல. பல்லு வெளக்குற பேஸ்ட் மாதிரி இருந்துச்சு, அத நம்பி ஒன்னக் கீழ அனுப்புவனா? எங்க அப்பா மர வள்ளத்துக்குப் போட்ட எண்ணெயத்தான் போட்டேன். கதவு, சன்னலு, கொழா வாயி, ஒரு இடுக்கு விடல. இப்பவும் கொத்தி முடிச்சதும் நல்லா ஊறப் போட்டுட்டுத்தான் வாரேன். ஊறுனா எளகிரும், பாத்துக்கிடு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப. எண்ணெ நாத்தத்தோட லேப் பக்கம் வராதீங்கம்ப."

உண்மைதான், அப்படித்தான் சொல்லுவேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம், அவர் கையில் அந்த எண்ணெய் வாடை போனதில்லை. நானும் கிண்டலை நிறுத்தியதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரகரவென்று சத்தம். கல் கம்பியை நசுக்குகிறது போலும். லிகோரி கடைசியாகச் சொன்னது: "லைனு போச்சுன்னா நீ தட்டு. தட்டுனா உசுரோட இருக்கன்னு நான் கொத்திக்கிட்டே இருப்பேன். நீ தட்டுற வரைக்கும் நான் விட மாட்டேன், கேட்டியா?"

அதோடு போயிற்று.

நாள் 12, காலை 10:00

காற்றுக்குழாயும் நசுங்கிவிட்டது. அவசர சிலிண்டர்களுக்கு மாறிவிட்டேன். 150 மணி நேரக் காற்று. அதாவது 18ஆம் நாள் மாலை நான்கு மணி வரை. கொச்சிக்காரர்கள் வருவது 20ஆம் நாள். சடகோபனுக்குக் கணக்கு தெரியுமா என்று தெரியவில்லை, லிகோரிக்குத் தெரியும்.

நாள் 13, மாலை 17:30

சன்னல் முழுவதும் மூடிவிட்டது. இனி வெளியே என்ன நடக்கிறது என்பது காதால்தான்.

இன்றைய சத்தங்கள்: உளி, மூன்று மணி நேரம். நான் தட்டினேன். அவர் தட்டினார். பிறகு சர் சர்ரென்று தூரிகை தேய்க்கும் சத்தம், அரை மணி நேரம். பிறகு அமைதி. ஒவ்வொரு நாளும் இதே வரிசை. ஒவ்வொரு நாளும் மறுநாள் காலையில் கல் இன்னும் தடிமன்.

இதை எழுதும்போது ஏதோ உறுத்துகிறது. தலைவலியாகவும் இருக்கலாம்.

நாள் 14, காலை 06:50

வள்ளத்துக்குப் போடும் எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

சுறா ஈரல் எண்ணெய்.

மாதாவே.

நாள் 14, பகல் 14:15

உறுதிப்படுத்தாமல் எழுதக்கூடாது என்று ஏழு மணி நேரம் காத்திருந்தேன். மாதிரித் துளையின் மூடி இருக்கிறதே, அதன் மரைக்குள்ளேயும் லிகோரி எண்ணெய் விட்டிருக்கிறார். மூடி திறக்கவில்லை, மரை ஓரத்தில் கசிந்திருந்ததைப் பஞ்சால் துடைத்துத் தொட்டி 2இல் போட்டேன். பட்டினி கிடந்த தொட்டி. இப்போது பஞ்சைச் சுற்றிக் கல்.

ஸ்குவாலீன் என்ற பொருளையே முதலில் சுறா ஈரலிலிருந்துதான் எடுத்தார்கள். முதலாண்டு மாணவிக்குத் தெரியும். நாங்கள் செடியிலிருந்து எடுத்த சுத்தமான ஸ்குவாலீனை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தோம். முப்பத்திரண்டு கொழுப்பு சோதித்தேன், என் வீட்டுக் கொல்லையில் தகர டின்னில் இருப்பதைச் சோதிக்கவில்லை. அது வாடையடிக்கும் எண்ணெய், அது அறிவியலில் சேராது என்று எனக்கு நினைப்பு. அவர் சொல்லியிருந்தால் ஒரே நொடியில் பிடித்திருப்பேன். நான் சிரிப்பேன் என்று சொல்லவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஓவென்று அழுதேன். அப்புறம் அவரையும் என்னையும் மாறி மாறித் திட்டினேன். ஆறு தொட்டியும் கேட்டுக்கொண்டிருந்தன.

நாள் 14, மாலை 17:40

தூரிகை சத்தம் கேட்டதும் பெரிய ஸ்பானரை எடுத்துத் தரையில் தாறுமாறாக அடித்தேன். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்குமா? இரும்பு, அதற்கு மேல் ஒரு முழக் கல்.

தூரிகை ஒரு நிமிடம் நின்றது. பிறகு முன்பைவிட வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தது. நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேர் தேய்க்கிறார்கள் இப்போது. ரீகனையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

பிளீச் நாலு லிட்டர் இருக்கிறது. அது உள்ளே இருக்கிறது, கொத்தனார் வெளியே இருக்கிறார். எங்களுக்குள் தட்டுச் சங்கேதம் எதுவும் கிடையாது. தட்டினால் உயிர். அது ஒன்றுதான் பேசி வைத்தோம்.

நாள் 15, காலை 07:00

இரவு முழுக்க யோசித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தீனி நின்று அறுபது மணி நேரம் ஆனால் கல் உதிரும். தொட்டி 4 சாட்சி. தீனி நிற்க வேண்டுமானால் லிகோரி எண்ணெய் போடுவதை நிறுத்த வேண்டும். நான் தட்டுகிற வரைக்கும் அவர் நிறுத்த மாட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறார், அந்த மனுஷன் வாக்கு மாறினதே இல்லை.

ஆகவே நான் தட்டக்கூடாது.

நான் செத்துவிட்டேன் என்று அவர் நம்ப வேண்டும். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

போய்விட்டால் திரும்பி வருவாரா? வருவார். அவர் அப்பா சங்கு குளிக்கப் போன இடத்தில் போனவர், உடல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பூசை முடித்து வீட்டார் எல்லாரும் அந்த இடத்துக்கே படகில் போய் மாலை போட்டார்கள். லிகோரிக்கு அப்போது இருபது வயது. மாலையைப் போட்டுவிட்டு எல்லாரும் திரும்பும்போது தண்ணீரில் குதித்து அடிவரைக்கும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கும் மூன்றாம் நாள் வருவார், அடிவரைக்கும் வருவார். அதை நம்பித்தான் செய்கிறேன்.

நாள் 15, காலை 09:20

தட்டினார். நான் தட்டவில்லை.

நாள் 15, காலை 09:45

தட்டிக்கொண்டே இருக்கிறார். ஸ்பானரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஏங்க, மன்னிச்சிருங்க.

நாள் 15, மாலை 17:10

நாள் முழுக்கக் கொத்தினார். அரை மணிக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கடைசியில் தூரிகை. ரொம்ப நேரம் தூரிகை. அறுபது மணிக் கணக்கு இப்போதிலிருந்து. 18ஆம் நாள் விடிகாலை ஐந்து மணி. அதற்கப்புறம் பதினோரு மணி நேரக் காற்று இருக்கும்.

நாளைக்கும் தேய்த்தால் கணக்கு முடிந்தது.

நாள் 16, காலை 08:05

வந்திருக்கிறார். தட்டல், ஒரே ஒரு தடவை. பிறகு கதவுக்கு நேர் கீழே ஏதோ உரசியது. தூரிகை இல்லை. உள்ளங்கை. கல்லைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

பதினேழு நிமிடம் தடவினார். பதினேழு நிமிடமும் நான் தரையில் குப்புறப் படுத்து அதே இடத்தில் என் கையை வைத்திருந்தேன். தட்டவில்லை. இதைவிடப் பெரிய காரியம் நான் ஆயுசில் செய்ததில்லை, இதைவிடக் கேவலமான காரியமும் செய்ததில்லை.

உள்ளங்கையில் எண்ணெய் இருக்கக்கூடாது, மாதாவே.

நாள் 16, காலை 09:30

இன்ஜின் சத்தம் தூரமாகப் போய்விட்டது. அவர் கணக்கில் நான் செத்தது இன்று. மூன்றாம் நாள் 18.

வீட்டில் இப்போது என்னைப் பற்றி நல்லதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். லிகோரியின் அக்கா லூர்துகூடப் பேசியிருப்பாள். திரும்பிப் போனதும் கேட்கவேண்டும், என்னவெல்லாம் சொன்னாள் என்று.

நாள் 17, பகல் 12:00

காற்றில் கரியமில வாயு கூடுகிறது. இரண்டு வரிக்கு ஒருமுறை கண்ணை மூடுகிறேன். பேசாமல் படுத்திருந்தால் காற்று மிச்சம். என்னைப் பேசாமல் இருக்க வைக்க இருபத்தெட்டு மீட்டர் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது.

கல்லில் விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்க முடியாது, அது வெளியே. மூடியின் திருகை மட்டும் மணிக்கொரு தடவை திருப்பிப் பார்க்கிறேன். அசையவில்லை.

கண்டெடுப்பவருக்கு, நான் இல்லாமல் இந்த நோட்டு மட்டும் கிடைத்தால்: 11ஆம் நாளிலிருந்து இந்தப் பக்கம் வரை கிழித்துவிடுங்கள். சடகோபன் கேட்டால் தீனிப்பசை சிந்திவிட்டது, டாக்டர் மோத்தாவின் கவனக்குறைவு என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் விஷயம் தெரியவே கூடாது. அவர் தாங்கமாட்டார்.

நாள் 18, காலை 06:10

திருகு அசைந்தது!

ஒரு மரை சுற்றியிருக்கிறது. கீழே மணல் கொட்டுகிற மாதிரி சத்தம். உதிருது. கொத்தனார் தன் வீட்டைத் தானே தின்னுறார்.

காலை 07:50

மூடி கழன்றுவிட்டது. துளைக்குள் வெள்ளைப் பொடி. இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி இறக்கினேன். தண்ணீர் விளிம்பில் வந்து நிற்கிறது. கடல் வாடை. பதினெட்டு நாளில் நான் பார்த்த முதல் ஆகாசம் இதுதான், இந்தக் கை அகல ஓட்டை.

பெரிய கதவில் கல் இன்னும் இருக்கிறது, ஆனால் ஸ்பானரால் அடித்தால் பொத்துப் பொத்தென்று கேட்கிறது. வெளியிலிருந்து நாலு அடி போதும். உள்ளிருந்து முடியவில்லை.

முக்குளிப்பு சிலேட்டில் எழுதி வலது மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன்: எண்ணெய் போடாதீங்க. அதுதான் கல்லுக்குத் தீனி. சுத்தியலால அடிங்க, உதிரும்.

தட்டப் போவதில்லை. தட்டினால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது எண்ணெய் டின்தான். கையை வெளியே நீட்டிக் காட்டுவேன். சிலேட்டைப் பார்ப்பார்.

10:40

இன்ஜின். எங்கள் படகுதான். ஒரு சிலிண்டரில் விக்கல் உண்டு அதற்கு.

நின்றுவிட்டது. மேலே பாட்டு கேட்கிற மாதிரி இருக்கிறது. பிரமையாக இருக்கலாம். மாலை போடுவார்கள் இப்போது.

10:55

தொபீர். ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். வந்துட்டார். வருவார்னு சொன்னேனே.

குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டுவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணல்.

11:00?

பிடிச்சிட்டார். என் கையப் பிடிச்சிட்டார். ரெண்டு கையாலயும். நசுக்குறார். அவர் கைதான், மோதிரம் தெரியுது. அழுறார்னு நினைக்கிறேன், ஒவ்வொரு விரலாத் தொட்டுப் பாக்குறார்.

சிலேட்டு அவர் உள்ளங்கைக்கு அடியில இருக்கு. புரட்டவே இல்ல.

11:0

இழுத்துப் பாக்குறார். தோள் துளையில இடிக்குது. கை மாட்டிக்கிட்டதுன்னு நினைச்சிட்டார். மாட்டல, மாட்டலங்க, நானாத்தான் விட்டிருக்கேன்

ஒரு கைய எடுத்துட்டார். இடுப்புல எதையோ தேடுறார்

மணிக்கட்டுல வழவழன்னு. மேல ஏறுது, முழங்கைக்கு, துளை வாய்க்கு. அந்த வாடை. உள்ள வரைக்கும் வருது அந்த வாடை

தேய்க்குறார். வளையல் கழட்டுற மாதிரி பதமா தேய்க்குறார்

கொத்தனார் எந்திரிக்க ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு மணி நேரம் போதும் வாசிக்க. நாலு வரிதான்

கையை விடுங்க. ஏங்க. மொதல்ல கையை விடுங்க. அந்தச் சிலேட்ட வாசிங்க